வளராத பிள்ளையின் அளவு நூல்

இப்போது பாளையங்கோட்டையில் எங்கள் மிஷன் துணி அறைக்கு உதவி கேட்டு வருகிறவர்களிடம் முதலில் ஓர் அச்சடித்த தாளை நீட்டுகிறார்கள். தகப்பன் பெயர், தொழில், வீட்டில் எத்தனை பேர், கடைசியாக எப்போது துணி வாங்கினீர்கள் என்று பதினாறு கேள்விகள் இருக்கின்றன. போன மாதம் நான் அங்கே போயிருந்தபோது, அறையைப் பார்த்துக்கொள்ளும் இரண்டு பெண்களும் என்னை உட்காரவைத்து, "உங்க காலத்துல என்னென்ன கேப்பீங்கம்மா?" என்றார்கள்.

"ஒண்ணும் கேக்க மாட்டோம். கேக்கவும் கூடாது" என்றேன்.

அவர்கள் நம்பவில்லை. கேட்காமல் எப்படிக் கொடுப்பது, ஏமாற்றுகிறவர்களை எப்படிக் கண்டுபிடிப்பது என்றார்கள். நியாயமான கேள்விதான். நானும் அதே கேள்வியை மனசுக்குள் வைத்துக்கொண்டு வேலை பார்த்தவள். ஒரே ஒரு முறை அதை வாய்விட்டுக் கேட்டேன். அதனால் என்ன ஆயிற்று என்பதை எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நான் அந்த அறைக்குள் நுழைந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. பள்ளிக்கூட வேலைக்குப் படிக்கப் போய், இரண்டு முறை பரீட்சையில் தவறி, தையலை மட்டும் கற்றுக்கொண்டு திரும்பியிருந்தேன். முதல் மூன்று வருஷம் பொத்தான் தைத்தேன், கிழிசலுக்கு ஒட்டுப் போட்டேன், மடித்து அடுக்கினேன். அதுதான் என் பயிற்சி.

வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை, உள்ளே தகரம் பொதிந்த மரப்பெட்டிகள் கப்பலில் தூத்துக்குடிக்கு வந்து, அங்கிருந்து ரயிலேறி எங்களிடம் வரும். சீமையில் உள்ள சபைகளில், பிள்ளைகளுக்குச் சின்னதாகிப்போன உடுப்புகளைச் சேர்த்து அனுப்புவார்கள். பெட்டியின் ஆணியைப் பிடுங்கி மூடியைத் தூக்கியதும் ஒரு வாடை வரும். ரசகற்பூர உருண்டை, ஈரக் கம்பளி, இன்னும் பெயர் தெரியாத ஏதோ ஒன்று. அந்த மூன்றாவது வாடை என்ன என்று பல வருஷம் யோசித்தேன். அங்கே எரிக்கிற நிலக்கரிப் புகை என்று பின்னால் ஒரு மிஸ்ஸியம்மாள் சொன்னார்கள்.

எனக்கு எல்லாவற்றையும் கிளறிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு சட்டைப்பைக்குள்ளும் கைவிட்டுப் பார்ப்பேன். ஒரு தடவை பழுப்பு நிறத்தில் பளபளவென்று ஒரு கொட்டை கிடைத்தது. சட்டியில் மண் போட்டு ஊன்றி, இரண்டு மாதம் தண்ணீர் ஊற்றினேன். முளைக்கவில்லை. இன்னொரு தடவை, கட்டைவிரலுக்கு மட்டும் தனியறை வைத்த சின்னக் கம்பளி உறைகள் ஒரு டஜன் வந்தன. காலுக்குத்தான் என்று நாங்களே முடிவு செய்து, பெருவிரலை அந்த அறைக்குள் நுழைத்துக் காட்டி, கைக்குழந்தைக்காரிகளுக்குக் கொடுத்து அனுப்பினோம். கைக்குப் போடுவது என்று தெரிந்தபோது பன்னிரண்டும் போய்விட்டன. யாரும் குறை சொல்லி வரவில்லை. இந்த ஊர் வெயிலில் அதை யார் எதற்குப் போட்டார்கள் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

அறைக்குப் பொறுப்பு ரெபெக்காள் அம்மாள். உபதேசியார் ஒருவரின் விதவை, முன்பு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர்கள். ஒல்லியான உடம்பு. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. எதற்கும் "பைய, பைய" என்பார்கள். வேலையில் மட்டும் துளி விட்டுக்கொடுக்க மாட்டார்கள். வந்த துணி எதுவானாலும், புதுசு மாதிரி இருந்தாலும், பெரிய செப்புக் கொப்பரையில் உவர்மண்ணும் வேப்பிலையும் போட்டு வேகவைக்க வேண்டும். பிறகு தாமிரபரணி மணலில் உள்பக்கம் வெளியே தெரியும்படி விரித்து இரண்டு முழு வெயில் காய வேண்டும். நடுவில் மேகம் வந்தால் அந்த நாள் கணக்கில் சேராது. அம்மை கண்ட வீட்டுத் துணி என்று சந்தேகம் வந்தாலே எரித்துவிடுவோம்.

காய்ந்து வந்த துணியின் கழுத்துப்பட்டியை ரெபெக்காள் அம்மாள் திருப்பிப் பார்ப்பார்கள். சீமைத் தாய்மார் பிள்ளையின் பெயரை அங்கே நூலால் தைத்திருப்பார்கள். அதை ஊசி முனையால் ஒவ்வொரு தையலாக எடுத்துவிடுவார்கள். பிள்ளை புதுசாகப் போடும்போது இன்னொரு பேர் எதற்கு என்பார்கள். எடுப்பதற்கு முன்னால் நான் எட்டி அந்தப் பெயரைப் படித்துவிடுவேன்.

கொடுக்கிற முறையையும் சொல்ல வேண்டும். வந்தவளின் முகத்தை அம்மாள் பார்க்க மாட்டார்கள். துணியைத்தான் பார்ப்பார்கள். ஜவுளிக்கடையில் விரிப்பது போல மேஜையில் விரித்து, முன்பக்கம், பின்பக்கம், உள்பக்கம் காட்டி, "இங்கன ஒரு ஒட்டு இருக்கு, பாத்துக்கோ. இந்தப் பொத்தான் வேற ஜாதி" என்று குறையை முதலில் சொல்வார்கள். எப்போதும் இரண்டு உடுப்பு எடுத்து வைப்பார்கள். ஒன்றுதான் பொருந்தும் என்றாலும் பக்கத்தில் இன்னொன்று இருக்க வேண்டும். "எது வேணும்?" என்று கேட்பார்கள். அவர்கள் கேட்கிற ஒரே கேள்வி அதுதான். சிலர் இரண்டையும் வேண்டாம் என்று சொல்லிப் போவதுண்டு. அதில் அம்மாளுக்கு வருத்தம் கிடையாது.

தூரத்து ஊர்க்காரிகள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வர முடியாது. அவர்களுக்கு அளவு நூல். தோளிலிருந்து முழங்கால்வரை ஒரு முடிச்சு, மார்புச் சுற்றுக்கு ஒன்று, கைநீளத்துக்கு ஒன்று. மூன்று முடிச்சுப் போட்ட நூலை எடுத்து வந்தால் நாங்கள் அலமாரியில் உள்ள உடுப்புகளோடு வைத்துப் பார்த்து எடுப்போம். நூலை இங்கேயே போட்டுவிட்டுப் போவார்கள். சின்னதாகிப்போன பழைய உடுப்பை அடுத்த தடவை வரும்போது துவைத்துக் கொண்டுவர வேண்டும். அது இன்னொரு பிள்ளைக்கு. இதற்கு மேல் சட்டதிட்டம் எதுவும் இல்லை.

மாடத்தி முதலில் வந்தது ஐரோப்பாவில் சண்டை மூளுவதற்கு முந்தின வருஷம் மாசியில். ஸ்ரீவைகுண்டம் பக்கத்தில் வயல்வேலை செய்கிறவள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். ஆனால் கண்ணெல்லாம் மஞ்சள் பூத்து, வயிறு ஒரு பக்கமாகப் புடைத்து, நிற்கவே முடியாதவள் போல மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நூலைக் கொடுத்தாள். நாலு வயதுப் பெண்பிள்ளை அளவு. ரோஜா நிறக் கவுன் ஒன்றை எடுத்துக்கொண்டாள். போகும்போது, "அந்த நூலைத் தந்துருங்கம்மா" என்றாள்.

யாரும் அதைத் திருப்பிக் கேட்டதில்லை. அம்மாள் ஏன் என்று கேட்காமல் கொடுத்துவிட்டார்கள்.

அடுத்த வருஷம் மாசி மாதம் மறுபடி வந்தாள். பழைய கவுனைக் கொண்டுவரவில்லை. நீட்டிய நூலைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. அதே நூல். எண்ணெய்க் கை பட்டுப் பட்டுக் கறுத்துப்போன அதே மூன்று முடிச்சு. இந்தத் தடவை நீலக் கட்டம் போட்ட கவுன் போயிற்று. அதன் பையில் இருந்த கிழிசலுக்கு நான்தான் ஒட்டுப் போட்டிருந்தேன்.

அவள் போன பிறகு, "அம்மா, ஒரு வருஷத்துல ஒரு விரற்கடைகூடவா ஒரு பிள்ளை வளராது?" என்றேன்.

"அவ கேட்டா, நாம குடுத்தோம்."

"பிள்ளைன்னு ஒண்ணு இருக்கா இல்லையான்னுகூடத் தெரியலையே."

"ஏளா கிருபை, ஒருத்தி வெயில்ல ஒம்பது மைலு நடந்து வந்து கவுன் கேக்கான்னா, அதுக்கு ஒரு காரணம் இருக்கும். அதை நம்மகிட்டச் சொல்லணும்னு என்ன இருக்கு?" என்றார்கள். ஒன்பது மைல் இல்லை, அதைவிட அதிகம். ஆனால் நான் திருத்தவில்லை.

பிறகு சண்டை வந்தது. பெட்டிகள் நின்றன. கப்பல் வந்தாலும் அதில் பழந்துணிக்கு இடமில்லை. அலமாரித் தட்டுகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. நாங்கள் ஊருக்குள் இறங்கிக் கேட்க வேண்டியதாயிற்று. மிஷன் வீடுகளில் வாத்தியார்களும் குமாஸ்தாக்களும் கொடுத்தார்கள். ஆனால் அவர்கள் வீட்டிலேயே மூத்தது போட்டதை இளையது போட்டு, அது போட்டதை அதற்கடுத்தது போட்டு, எங்களுக்கு வரும்போது துணி கண்ணாடியாக இருக்கும். திருநெல்வேலி டவுனில் பிள்ளைமார் வீடுகளிலும் கேட்டோம். பிள்ளை உடுத்தியதை வெளியே கொடுத்தால் பிள்ளைக்கு ஆகாது என்று பல வீட்டில் தயங்கினார்கள். ஒரு வக்கீல் வீட்டம்மாள் மட்டும், "வேகவைச்சுதான குடுப்பீங்க? அப்போ அதுல எம்பிள்ளை வாடை இருக்காதுல்லா?" என்று இரண்டு தடவை உறுதி கேட்டுக்கொண்டு, ஒரு கூடை நிறையப் பாவாடையும் சட்டையும் கொடுத்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான், மூன்றாவது மாசியில், மாடத்தி வந்தாள்.

அன்றைக்கு அவளுக்கு முன்னால் புன்னக்காயலிலிருந்து ஒரு பெண் வந்து நின்றிருந்தாள். படகு கவிழ்ந்து புருஷனைக் கடலுக்குக் கொடுத்தவள். இடுப்பில் நாலு வயதுப் பெண்குழந்தை, மேலே துணியில்லாமல், மூக்கு ஒழுக. அந்த அளவில் தட்டில் இருந்தது ஒரே ஒரு கவுன். அதை எடுத்து அந்தப் பெண்ணுக்குக் காட்டப் போன நேரத்தில் மாடத்தி தன் கறுத்த நூலை மேஜையில் வைத்தாள்.

ரெபெக்காள் அம்மாள் நூலை எடுத்து அளக்கத் தொடங்கினார்கள். எனக்குள் ஏதோ சூடேறிவிட்டது.

"உன் பிள்ளை எங்கன இருக்கு?" என்றேன். "மூணு வருஷமா வளராத பிள்ளை எங்கன இருக்கு? பழைய கவுன் ரெண்டும் எங்க? வித்துட்டியா?"

அறையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மாடத்தி நூலை எடுத்து விரலில் சுற்றி முந்தானையில் முடிந்துகொண்டு, வந்த வழியே இறங்கிப் போய்விட்டாள். புன்னக்காயல் பெண் குழந்தையை மறுபக்கம் மாற்றிக்கொண்டு தரையைப் பார்த்தாள். கவுன் அவளுக்குப் போயிற்று. ஆனால் அதை விரித்துக்கூடப் பார்க்காமல் சுருட்டிக்கொண்டு போய்விட்டாள். தன்னையும் ஏதாவது கேட்பார்களோ என்று பயந்திருப்பாள்.

மறுநாள் காலையில் நான் போனதும், மேஜைமேல் ஒரு சின்னக் கவுன் இருந்தது. வக்கீல் வீட்டுப் பாவாடை ஒன்றைக் குறைத்துத் தைத்தது.

"கேட்டாச்சுல்லா?" என்றார்கள். "இனி பதிலையும் போய்க் கேட்டுட்டு வா."

வாழைத்தார் இறக்கிவிட்டுத் திரும்புகிற வண்டியில் என்னை ஏற்றிவிட்டார்கள்.

ஸ்ரீவைகுண்டத்து அணைக்குக் கீழே, கால்வாய் ஓரத்து வயலில் மாடத்தி களை எடுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தாள். ஓடவுமில்லை, திட்டவுமில்லை. வரப்பில் வந்து உட்கார்ந்தாள். நான் கவுனை மடியில் வைத்துக்கொண்டு, நேற்று பேசியது தப்பு என்றேன். அவள் சேற்றுக்கையைப் புல்லில் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"பிள்ளை இருக்கும்மா. கண்டியில இருக்கா" என்றாள். "பேச்சின்னு பேரு."

அவளும் புருஷனும் கைக்குழந்தையோடு இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்கள். நாலு வருஷம் கொழுந்து பறித்திருக்கிறாள். பிறகு குளிர்காய்ச்சல் பிடித்து, விட்டு விட்டு வந்து, வயிற்றில் கட்டி விழுந்துவிட்டது. ஊருக்குப் போய் உடம்பைத் தேற்றிக்கொண்டு வா, பிள்ளையை என் அக்காள் பார்த்துக்கொள்வாள் என்று புருஷன் கப்பலேற்றி அனுப்பியிருக்கிறான். கிளம்புகிற அன்று, ஊரில் பாவாடை தைத்து வரலாம் என்று பிள்ளையை நிற்கவைத்து நூலில் அளவெடுத்திருக்கிறாள்.

"ஆறு மாசத்துல திரும்பிருவேன்னு சொல்லிட்டு வந்தேன். அதுக்குள்ள அவரும் அங்கன காய்ச்சல்ல போயிட்டாரு. நான் போகலாம்னு தூத்துக்குடி முகாம்வரைக்கும் போனேன். டாக்டர் வயித்தை அமுக்கிப் பாத்துட்டு, கப்பல்ல ஏத்த முடியாதுன்னு திருப்பி அனுப்பிட்டாரு. பிள்ளையை அனுப்புங்கன்னு சொல்லிவிட்டேன். நாத்தனாளுக்குப் பிள்ளை கிடையாது. அவ விடமாட்டேங்கா."

"கவுன்?"

"வருஷா வருஷம் கங்காணி அண்ணாச்சி ஆள் பிடிக்க இங்கன வருவாரு. அவருகிட்டக் குடுத்துவிடுதேன்."

"இப்போ பிள்ளைக்கு ஏழு வயசு ஆகியிருக்குமே. இந்த அளவு பத்துமா?"

அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து நூலை எடுத்தாள். "எனக்குத் தெரிஞ்சது இதாம்மா" என்றாள். "அவ எவ்வளவு உசரம்னு நானா ஒரு அளவை எப்படிச் சொல்லுவேன்?"

நான் கொண்டுபோன கவுனும் அந்த நூலின் அளவுதான். அதை அவளிடம் கொடுத்தேன். ஆனால் ஒன்று சொன்னேன். கங்காணி யார், எப்படிப்பட்டவர் என்று எனக்குத் தெரியாது. அனுப்பியதெல்லாம் பிள்ளைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று அவளுக்கும் தெரியாது. அதனால், எங்கள் வழக்கப்படி பழைய கவுன் ஒன்று திரும்பி வர வேண்டும், அதை வாங்கி வந்தால்தான் அடுத்தது தருவார்கள் என்று கங்காணியிடம் கண்டிப்பாகச் சொல்லச் சொன்னேன். பிள்ளை உயிரோடு இருக்கிறதா என்று அறிய எனக்கு வேறு வழி தோன்றவில்லை. அதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை.

திரும்பி வந்து எல்லாவற்றையும் சொன்னதும் ரெபெக்காள் அம்மாள் கவுனைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. "முதல்ல அவ வயித்துக் கட்டியப் பாப்போம்" என்றார்கள். மிஷன் ஆஸ்பத்திரியில் கேட்டுக் குளிர்காய்ச்சலுக்கான கொய்னா மருந்து வாங்கி, மாதாமாதம் பொட்டலம் கட்டி, வாழைத்தார் வண்டிக்காரரிடம் கொடுத்தனுப்பினார்கள். கசப்புக்கு அவள் தூர எறிந்துவிடுவாள் என்று வெல்லமும் சேர்த்துக் கட்டினார்கள். மூன்று வருஷம் அவள் வந்து மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றும் அவள் வயிற்றை நாம் பார்க்கவில்லையே என்று ஒரு தடவை தனக்குத்தானே சொன்னார்கள். என் காதில் விழட்டும் என்றுதான் சொன்னார்களா என்று தெரியவில்லை.

அந்த வருஷம் போயிற்று. அடுத்த மாசியில், பகல் சாப்பாட்டு வேளைக்குச் சற்று முன்னால், தலைப்பாகையும் கோட்டும் குடையுமாக ஓர் ஆள் துணி அறை வாசலில் வந்து நின்றார். பின்னால் மாடத்தி நின்றாள். அவள் கண்ணில் மஞ்சள் போயிருந்தது.

"கிருபையம்மாங்கது யாரு?" என்றார் அவர்.

"நான்தான்."

"கங்காணி சுடலைமுத்து. பிள்ளைக்குன்னு குடுத்த கவுனை நான் சந்தையில வித்துத் தின்னுருப்பேன்னுதான நெனச்சீங்க?" அவர் குரலில் கோபத்தைவிடச் சடைவுதான் இருந்தது. "எனக்கும் நாலு பொட்டப்பிள்ளை இருக்கும்மா." கக்கத்தில் இருந்த பொட்டலத்தை மேஜையில் வைத்தார். "முதல்ல குடுத்தது கந்தலாயிட்டாம். இது ரெண்டாவது."

நான் பிரித்தேன். நீலக் கட்டம் போட்ட கவுன். பையில் என் ஒட்டு அப்படியே இருந்தது. மற்றபடி அது நான் கொடுத்த கவுனே இல்லை.

மேஜையில் விரித்து, அம்மாளிடம் கற்ற முறைப்படி முன்னும் பின்னும் உள்ளும் பார்த்தேன். புகை வாடையும் பச்சிலை வாடையும் அடித்தது. பக்கத் தையல் இரண்டையும் பிரித்து, நடுவில் கறுப்புக் கம்பளிக் கீற்று வைத்துத் தைத்திருந்தது. தோட்டத்தில் குளிருக்குக் கொடுக்கிற கம்பளி அது என்று கங்காணி சொன்னார். கக்கத்தில் முக்கோணமாக ஒரு துண்டு. கீழ் விளிம்பில் ஒரு சாண் அகலத்துக்கு மறுபடி கம்பளி. வலது பக்கக் கீற்றில் தையல் ஒன்று நீளம், ஒன்று குட்டை, வழிதப்பி ஓடியிருந்தது. இடது பக்கத்தில் கொஞ்சம் அடங்கியிருந்தது. கீழ் விளிம்புக்கு வரும்போது சின்னச் சின்னதாக, ஒரே சீராக இருந்தது. தைத்த கை தைக்கும்போதே கற்றுக்கொண்டிருக்கிறது.

"இதைத் தைச்சது யாரு?" என்றேன்.

"அந்தக் குட்டிதான். அத்தைக்காரிக்கு இப்போ கண்ணு சரியாத் தெரியாது. ஊசியில நூல் கோக்கிறதே இவதான். அத்தையக் கையப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போகுததும் இவதான்."

மாடத்தி மேஜைக்குப் பக்கத்தில் வந்தாள். முந்தானையிலிருந்து நூலை எடுத்து, கவுனின் தோளில் ஒரு நுனியை வைத்து, கீழே இழுத்துப் பிடித்தாள். கம்பளி தொடங்குகிற இடத்தில் முடிச்சு நின்றுவிட்டது. அதற்குக் கீழே ஒரு சாண் துணி நூலுக்கு வெளியே கிடந்தது. அந்தக் கம்பளியை உள்ளங்கையால் ஒரு தடவை தடவினாள்.

"இம்புட்டா?" என்றாள்.

கங்காணி குடையைச் சுவரில் சாய்த்தார்.

"பால்பல்லு விழுந்து முளைச்சிருக்குமாம்மா?" என்று என்னைக் கேட்டாள்.

"முன்பல்லு முளைச்சிருக்கும்."

"நான் அவளை இன்னும் இடுப்புல வச்சிருக்குத மாதிரியே நெனச்சுக்கிட்டிருந்தேன்."

அப்போது ரெபெக்காள் அம்மாள் எழுந்து வந்தார்கள். என் வேலைக்காலத்தில் அதுவரை நான் பார்க்காத ஒன்றைச் செய்தார்கள். மாடத்தியின் முகத்தை நேராகப் பார்த்தார்கள். பார்த்து, "நீ எப்போ போகுதே?" என்று கேட்டார்கள்.

மாடத்தி கங்காணியைப் பார்த்தாள். கங்காணி தலைப்பாகையை எடுத்து மறுபடி வைத்துக்கொண்டு, "பங்குனி கடைசியில ஆளுகளைக் கூட்டிக்கிட்டுக் கிளம்புதேன். முகாம்ல டாக்டர் விட்டாருன்னா எனக்கு ஒண்ணுமில்லை" என்றார்.

மறுநாள் முதல் அம்மாள் கவுன் ஒன்றைத் தைக்க உட்கார்ந்தார்கள். நீலக் கவுனில் கீற்றும் விளிம்பும் சேர்த்து அளந்தோம். அதற்கு மேல் எவ்வளவு விட வேண்டும் என்பதில் எங்களுக்குள் இரண்டு நாள் வாதம். கம்பளி வைத்தே எட்டு மாதம் ஆகியிருக்கும் என்றேன் நான். தோள் அப்படி ஒன்றும் அகலாது என்றார்கள் அம்மாள். வக்கீல் வீட்டுக் கூடையில் மிஞ்சியிருந்த மாம்பழ நிறப் பட்டுப்பாவாடை ஒன்றைப் பிரித்து, மேலே பருத்திச் சட்டை சேர்த்து, உள்மடிப்பாக நாலு விரல் விட்டுத் தைத்தோம். கொடுக்கும்போதும் அம்மாள் வழக்கத்தை விடவில்லை. பக்கத்தில் இன்னொரு பழைய கவுனை எடுத்து வைத்து, "எது வேணும்?" என்றார்கள். மாடத்தி சிரித்துவிட்டாள். அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

முகாமிலிருந்து அவளைத் திருப்பி அனுப்பவில்லை என்று மட்டும் வண்டிக்காரர் மூலம் தெரிந்தது. அதற்குப் பிறகு செய்தி இல்லை. அடுத்த வருஷம் கங்காணி வேறு பக்கம் ஆள் எடுக்கப் போய்விட்டார். சண்டை முடிந்தது. பெட்டிகள் மறுபடி வரத் தொடங்கின. ரெபெக்காள் அம்மாள் இறந்துபோனார்கள். மேஜைக்குப் பின்னால் நான் உட்கார்ந்தேன். போய்ச் சேர்ந்தாளா, பிள்ளையைக் கண்டாளா, நாத்தனாள் என்ன சொன்னாள், உடுப்பு பொருந்தியதா என்று எனக்குள் கேள்வி ஓடிக்கொண்டேதான் இருந்தது.

பல வருஷம் கழித்து ஒரு நாள் முற்பகலில் மாடத்தி வந்தாள். தலை பாதி நரைத்திருந்தது. உடம்பு திடமாக இருந்தது. அவள் தம்பி வீட்டுக் கலியாணத்துக்காக ஊருக்கு வந்தவள், திரும்பக் கப்பலேறுவதற்கு முன்னால் எங்களைப் பார்க்க வந்திருந்தாள். அம்மாள் இல்லை என்றதும் மேஜையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பேச்சிக்கு அங்கேயே கலியாணம் ஆகி ஒரு பையன் இருக்கிறான். நாத்தனாள் சாகிறவரைக்கும் எல்லாரும் தோட்டத்து வரிசை வீட்டில், ஒரே லயத்தில் இருந்தார்களாம்.

"நாத்தனாள் சண்டை போடலையா?" என்றேன்.

"எதுக்கும்மா? அவளுக்குக் கண்ணு தெரியலை. என் கையப் பிடிச்சுப் பாத்துட்டு, வந்துட்டியான்னு ஒரே அழுகை. பிள்ளையத் திருப்பிக் குடுக்காததுக்கு அவளும் ராவும் பகலும் வெந்துக்கிட்டுதான் இருந்திருக்கா."

"பேச்சிக்கு உன்னை அடையாளம் தெரிஞ்சுதா?"

நான் அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

"நான் போன நேரம் எல்லாரும் மலையில கொழுந்து பறிக்கப் போயிருந்தாங்க. லயத்து வாசல்ல ஒரு பிள்ளை விறகு ஒடிச்சுக்கிட்டு இருந்துச்சு. பாத்ததும் எனக்குத் தெரிஞ்சு போச்சு. அவ நிமுந்து, ‘யாரு வேணும்?’னு கேட்டா. எனக்கு வாய் வரலை. ஸ்ரீவைகுண்டத்துலருந்து வாரேன்னேன். ‘எங்க அம்மை ஊருல்லா அது’ன்னா. ‘எங்க அம்மையத் தெரியுமா?’ன்னா. தெரியும்னேன். உங்க அம்மை இதைக் குடுத்தான்னு பொட்டலத்தைக் குடுத்தேன். உள்ள போய்ப் போட்டுக்கிட்டு வந்து முன்னால நின்னா."

"பொருந்துச்சா?" என்று என்னை அறியாமல் கேட்டுவிட்டேன்.

"தோளு சரியா இருந்துச்சு. கைதான் கொஞ்சம் நீளம். அவ கையை மடிச்சு விட்டுக்கிட்டே, ‘எங்க அம்மை எப்படி இருப்பா? எனக்கு முகம் மறந்து போச்சு’ன்னா."

மாடத்தி தன் முந்தானை நுனியை எடுத்து விரலில் சுற்றினாள்.

"‘என்னை மாதிரிதான் இருப்பா’ன்னேன்" என்றாள். "அவ மடிச்ச கையை அப்படியே விட்டுட்டு, கிட்ட வந்து என் முகத்தைப் பாத்தா. ரொம்ப நேரம் பாத்தா. அப்புறம் ஒடிச்ச விறகெல்லாம் காலுல தட்டிச் சிதற, வந்து என் இடுப்பைக் கட்டிக்கிட்டா."